தோட்டா வேகத்தை மரக்கட்டையால் அளந்தவர்: கடலூரில் மறைந்த பெஞ்சமின் ராபின்ஸ் யார்?

தோட்டாவோ அம்போ எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க இன்று க்ரோனோகிராஃப் என்ற சின்னக் கருவி போதும். இரண்டு சென்சார்களைக் கடக்க ஆகும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். சென்சாரே இல்லாத காலத்தில் இதைச் செய்தவர் பெஞ்சமின் ராபின்ஸ்.

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், வசதியில்லாத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குவேக்கர்கள் போரையே ஏற்காதவர்கள். இவருக்குப் பிடித்ததோ பீரங்கிக் கணக்கு! கணிதத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்று, 1727-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1741-இல் வூலிச் ராணுவ அகாடமியில் பேராசிரியர் வேலைக்கு முயன்றார். கிடைக்கல. அதற்காகத் தயாரித்த பாடங்கள்தான் அடுத்த ஆண்டு பீரங்கியியல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலாக வந்தன.

அதில் இருந்த கருவி ரொம்ப எளிமையானது. சுமார் 25 கிலோ எடையில், முகப்பில் மரக்கட்டை பொருத்திய ஓர் இரும்பு ஊசல். அடியில் ஒரு ரிப்பன். அவ்வளவுதான். தோட்டா கட்டைக்குள் புதையும், ஊசல் பின்னால் ஆடும், ரிப்பன் இழுபடும். இழுபட்ட நீளத்தை வைத்து ஊசலின் வேகத்தைக் கணக்கிடலாம். அது மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. மோதலுக்கு முன்னும் பின்னும் உந்தம் மாறாது என்பதால், இரண்டின் எடைகளையும் ஒப்பிட்டால் தோட்டாவின் வேகம் வந்துவிடும். அவருக்குக் கிடைத்தது நொடிக்குச் சுமார் 500 மீட்டர்.

ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோதுதான் உண்மையான அதிர்ச்சி. கனமான குண்டைக் காற்று பெரிதாகத் தடுக்காது, அது பரவளையப் பாதையில் போகும் என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். ஆனால், வேகமான துப்பாக்கிக் குண்டின் மீது காற்றுத் தடை அதன் எடையைப் போல பல மடங்கு இருந்தது. படைகள் நம்பியிருந்த இலக்குக் கணக்கே ஆட்டம் கண்டது.

1739-இல் கணித மேதை ஆய்லரின் நூலைக் கடுமையாக விமர்சித்தவர் ராபின்ஸ். அதே ஆய்லர் 1745-இல் ராபின்ஸ் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, நீண்ட விளக்கவுரையும் எழுதினார். பெருந்தன்மைதான்! 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது.

பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750-இல் கடலூர் தேவனாம்பட்டினம் அருகே உள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சென்னைக் கோட்டைக்கும் சேர்த்து வேலை தொடங்கியது. ஆனால், 1751 ஜூலையில் காய்ச்சலால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 44.