ரோய் பிளங்கெட்: டெப்லோனைக் கண்டறிந்த இரசாயனவியலாளர்

மாணவர்களே, வீட்டில் நீர்க்குழாய் பொருத்த வருபவர் குழாயின் புரியில் மெல்லிய வெள்ளை நாடா ஒன்றைச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்நாடாவில் பசை இல்லை. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். நீரோ எண்ணெயோ அமிலமோ அதை ஒன்றும் செய்வதில்லை. சமையலறையிலுள்ள ஒட்டாத பாத்திரத்தின் உட்பூச்சும் இதே பதார்த்தம்தான். இதன் வர்த்தகப் பெயர் டெப்லோன். பல்பகுதியங்கள் பற்றிய பாடத்தில் பொலித்தீனுக்கும் பீவீசீக்கும் அடுத்து இப்பெயரை நீங்கள் பாடமாக்கியிருப்பீர்கள். இதைக் கண்டறிந்தவரின் வாழ்க்கையையும் அறிந்து வைத்தால் அதன் இயல்புகள் மனதில் தாமே பதியும்.

ரோய் பிளங்கெட் 1910 ஆம் ஆண்டு யூன் 26 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நியூ கார்லைல் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் வசதியற்ற விவசாயக் குடும்பம். இந்தியானா மாநிலத்திலுள்ள மான்செஸ்டர் கல்லூரியில் இரசாயனவியல் கற்று 1932 இல் பட்டம் பெற்றார். பின்னாளில் பல்பகுதியங்கள் பற்றிய ஆய்வுக்காக 1974 இல் நோபல் பரிசு பெற்ற போல் புளோறியும் அதே சிறிய கல்லூரியின் மாணவரே. 1932 உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு. பிளங்கெட் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலும் கற்று 1936 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே டியூபொன்ட் நிறுவனத்தில் சேர்ந்து, நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

அவருக்குக் கிடைத்த வேலை பிளாத்திக்குடன் தொடர்புடையதன்று. அக்காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள் குளிரூட்டிகளாகப் பயன்பட்டன. பெட்டியில் கசிவு ஏற்பட்டால் வீட்டாருக்கு ஆபத்து. இவற்றுக்கு மாற்றாக 1930 அளவில் பிரியோன் எனப்படும் குளோரோபுளோரோகாபன்கள் வந்தன. இவ்வகையில் மற்றுமொரு குளிரூட்டியைத் தயாரிக்குமாறு பிளங்கெட்டிடம் கூறப்பட்டது. அதற்குத் தொடக்கப் பொருளாக டெட்ராபுளோரோஎதீன் என்னும் வாயு தேவைப்பட்டது. எதீன் மூலக்கூறிலுள்ள நான்கு ஐதரசன் அணுக்களுக்கும் பதிலாக நான்கு புளோரீன் அணுக்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், அதுவே இவ்வாயு. அவர் ஏறத்தாழ 45 கிலோகிராம் வாயுவைத் தயாரித்து, சிறிய உருக்கு உருளைகளில் அடைத்து, உலர் பனிக்கட்டியினால் குளிர்த்தி வைத்திருந்தார்.

1938 ஏப்ரல் 6 ஆம் திகதி காலை. பிளங்கெட்டும் அவரது உதவியாளர் ஜாக் ரீபொக்கும் ஓர் உருளையின் வாயிலைத் திறந்தனர். வாயு வெளிவரவில்லை. கசிந்து போயிருக்கும் என்றோ, வாயில் அடைபட்டிருக்கும் என்றோ எண்ணி அடுத்த உருளையை எடுத்திருக்கலாம். அன்றைய வேலைக்கு அதுவே வசதி. அவர்களோ அவ்வுருளையைத் தராசில் வைத்தனர். வாயு நிரம்பியிருந்தபோது இருந்த திணிவு அப்படியே இருந்தது!

இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். நீங்கள் கற்ற திணிவுக் காப்பு விதி இங்கே வேலை செய்கிறது. திணிவு குறையவில்லையெனில் பதார்த்தம் வெளியேறவில்லை. வெளியேறாத பதார்த்தம் வாயுவாக வரவில்லையெனில், அது உள்ளே வேறொன்றாக மாறியிருக்க வேண்டும். வாயிலைக் கழற்றி உருளையைக் கவிழ்த்தபோது சிறிதளவு வெண்ணிறத் தூள் விழுந்தது. பின்னர் உருளையை வாளால் அறுத்துப் பிளந்தனர். உட்சுவரிலும் அடியிலும் அதே தூள் படிந்திருந்தது. டெட்ராபுளோரோஎதீன் தானாகவே வெடிக்கக்கூடிய வாயு என்பது இன்று நன்கு தெரியும். அன்று அவர்கள் செய்ததை இன்று எந்த ஆய்வுகூடமும் அனுமதிக்காது. இக்கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று எழுதுவது வழக்கம். தூள் உண்டானது தற்செயல்தான். தராசை எடுத்தது தற்செயலன்று.

நடந்தது கூட்டற் பல்பகுதியமாக்கல். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரு காபன் அணுக்களுக்கிடையே இருந்த இரட்டைப் பிணைப்பு திறந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாயின. வேறு எப்பதார்த்தமும் நீங்கவில்லை; ஆகவேதான் திணிவும் மாறவில்லை. விளைவின் பெயர் பொலிடெட்ராபுளோரோஎதீன். மீள்வரும் அலகு ஒன்றில் 2 காபன், 4 புளோரீன் உள்ளன. காபனின் சார் அணுத்திணிவு 12, புளோரீனின் சார் அணுத்திணிவு 19 என எடுத்துக் கணித்துப் பாருங்கள்: 24 உடன் 76 சேர்ந்து சரியாக 100 வரும். ஆகவே சார் மூலக்கூற்றுத் திணிவு பத்து இலட்சமான சங்கிலியில் 10,000 அலகுகள் உண்டு. கணக்குக் கேட்பவருக்கு வசதியான பல்பகுதியம் இது!

பிளங்கெட் அத்தூளைக் குப்பையில் கொட்டாமல் சோதித்தார். செறிந்த அமிலங்களும் காரங்களும் அதைத் தாக்கவில்லை. கைவசமிருந்த கரைப்பான்கள் எதிலும் அது கரையவில்லை. உயர் வெப்பநிலையையும் தாங்கியது. காரணத்தை மூலக்கூற்றின் அமைப்பில் தேடுங்கள். மின்னெதிர்த்தன்மை மிகக் கூடிய மூலகம் புளோரீன். அது காபனுடன் ஏற்படுத்தும் பங்கீட்டு வலுப்பிணைப்பை உடைக்க மூலொன்றுக்கு ஏறத்தாழ 485 கிலோயூல் சக்தி வேண்டும். காபன்–ஐதரசன் பிணைப்புக்கு ஏறத்தாழ 413 போதும். மேலும் புளோரீன் அணு ஐதரசனிலும் பெரியது. எனவே புளோரீன் அணுக்கள் காபன் சங்கிலியைச் சுற்றி உறைபோல் மூடிக்கொள்கின்றன. தாக்க வரும் பதார்த்தம் காபனை நெருங்க முடிவதில்லை. அயல் மூலக்கூறுகளுடனான கவர்ச்சியும் மிகக் குறைவு. அதனால் எதுவும் ஒட்டுவதில்லை. கூரையில் தலைகீழாக ஓடும் பல்லிகூட உலர்ந்த டெப்லோன் பரப்பில் பற்றி நிற்க முடியாது. 1886 இல் முதன்முதலாகத் தனியாக்கப்பட்ட புளோரீன் வாயு கண்டதையெல்லாம் தாக்கும் மூலகம். காபனோடு சேர்ந்ததும் எதனோடும் சேராத பிளாத்திக்கைத் தருகிறது.

இதன் உருகுநிலை ஏறத்தாழ 327 பாகை செல்சியஸ். அடர்த்தி பொலித்தீனைப் போல் இருமடங்குக்கு மேல். சிறந்த மின்காவலி. ஆனால் உருகினாலும் பாகாய் ஓடாது. பொலித்தீனைப் போல உருக்கி அச்சில் வார்க்க முடியாது. தூளை அழுத்தி, மட்பாண்டம் சுடுவதுபோல் வெப்பமேற்றியே உருவாக்க வேண்டும். சில புளோரீன்களுக்குப் பதிலாக ஐதரசன் இடம்பெறும் உறவுப் பிளாத்திக்குகள் இக்குறையை நீக்குகின்றன. பீஜிங்கில் 2008 ஒலிம்பிக் நீச்சல் அரங்கின் குமிழ்ச் சுவர்கள் அத்தகைய ஒன்றினாலானவை.

பிளங்கெட்டின் பெயரில் 1941 இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஆனால் தயாரிப்புச் செலவு மிக அதிகம், வாங்குவார் இல்லை. இரண்டாம் உலகப் போர்தான் அதற்கு வேலை கொடுத்தது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் எக்சாபுளோரைட்டு என்னும் கடுமையாக அரிக்கும் வாயுவைக் கையாள வேண்டியிருந்தது. அதைத் தாங்கும் கசிவுத் தடைகளும் உட்பூச்சுகளும் இப்பதார்த்தத்தினால் செய்யப்பட்டன. டெப்லோன் என்ற பெயர் 1945 இல் பதிவானது. 1954 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். எதுவும் ஒட்டாத ஒன்றைப் பாத்திரத்தில் ஒட்டவைப்பது எப்படி? அலுமினியப் பரப்பை அமிலத்தால் நுண்ணியதாக அரித்துச் சொரசொரப்பாக்கினால் பூச்சு அக்குழிகளில் பற்றிக்கொள்ளும். 1969 இல் இதை இழுத்து நுண்துளை உடையதாக்கும் முறை அமெரிக்காவில் கண்டறியப்பட, செயற்கைக் குருதிக் குழாய்களும் சாத்தியமாயின.

பிளங்கெட் இவ்வளர்ச்சியில் நேரடியாகப் பங்குகொள்ளவில்லை. நிறுவனம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றியது. பெற்றோலில் சேர்க்கும் ஈயச் சேர்வையான டெட்ராஎதைல் ஈயத்தின் தயாரிப்பில் அவர் நீண்டகாலம் தலைமை இரசாயனவியலாளராக இருந்தார். பின்னர் பிரியோன் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்து 1975 இல் ஓய்வுபெற்றார். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஈயம் சிறுவரின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பது உறுதியாயிற்று. பிரியோன்கள் மிக உறுதியானவை என்பதாலேயே சிதையாமல் மேல் வளிமண்டலம் வரை சென்று, அங்கே சூரியனின் புறஊதாக் கதிரால் உடைந்து, குளோரீனை விடுவித்து ஓசோன் படையை அழிப்பதாக 1974 இல் இரு விஞ்ஞானிகள் காட்டினர். பாத்திரத்தில் நன்மையான உறுதி வானில் தீமையாயிற்று. டெப்லோனும் குறையற்றதன்று. 260 பாகைக்கு மேல் அது சிதையத் தொடங்கும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டுவிட்டால் எழும் புகை கூட்டிலுள்ள பறவையைக் கொல்லும், மனிதருக்குக் காய்ச்சலைத் தரும். அதன் தயாரிப்பில் முன்னர் பயன்பட்ட ஒரு புளோரீன் அமிலம் நீரிலும் உடலிலும் சிதையாமல் தங்கியதனால், 2019 இல் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1985 இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் பிளங்கெட்டின் பெயர் சேர்க்கப்பட்டது. 1994 மே 12 ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தில் 83 ஆவது வயதில் காலமானார். 1996 தொடக்கத்தில், சில அவசிய தேவைகள் தவிர, விருத்தியடைந்த நாடுகளில் குளோரோபுளோரோகாபன் உற்பத்தி நின்றது. இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. உருளையில் கிடந்த வெள்ளைத் தூள் மட்டும் இன்னும் தயாரிக்கப்படுகிறது.