விபுலானந்த அடிகளாரின் மாலைப் பள்ளி

யாழ்நூல் தந்த சுவாமி விபுலானந்தரை அறியாத தமிழர் இலர். அவர்தம் புலமையைப் போற்றும் நாம், அவர் ஏழைச் சிறார்க்கு ஆற்றிய தொண்டை அத்துணை நினைப்பதில்லை. பழைய மாணவர் கூடும் இவ்விழாக் காலத்தில் அதனை நினைவுகூர விழைகின்றோம்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்தார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். விஞ்ஞானத்திலும் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கிய அவர், உயர்ந்த உத்தியோகங்களை நாடாது, இராமகிருஷ்ண சங்கம் புகுந்து, 1924 இல் துறவு பூண்டார்.

ஈழம் மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பரிபாலித்தார். மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகள் உண்டு உறைந்து கற்றற்கு அங்கே மாணவர் இல்லமும் அமைந்தது.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். சிதம்பர நகரின் அயலிலே, பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள திருவேட்களத்துச் சேரியிலே, கல்வி வாசனையறியாச் சிறார் வாழ்ந்தனர். பகலிலே இலக்கியம் போதித்த பேராசிரியர், மாலையிலே அச்சேரி சென்று எழுத்தறிவித்தார். தம் மாணவரையும் உடனழைத்துச் சென்றார். தீண்டாமை வேரூன்றியிருந்த காலத்திலே இஃது எளிய செயலன்று. கற்றோன் தன் கல்விக்குச் செலுத்தவேண்டிய கடன் இதுவென அம்மாணவரும் உணர்ந்திருப்பர்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் யாழ்நூல் அரங்கேறியது. மறுமாதமே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலேயே துயில்கின்றது.

வட்டக்கச்சியிலே தமிழ் கற்பிக்கும் எமக்கு ஒன்று புலனாகின்றது. இரணைமடுக் குளம் நிறைந்திருப்பினும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டாவிடின் அங்கே பயிர் வாடும் என்பதை எம்மூர் கமக்காரர் நன்கறிவர். கல்வியும் அத்தகையதே. வறுமையாற் படிப்பை இடையிலே விட்டு, கிளிநொச்சி நகரத்துக் கடைகளிலும் கராச்சுகளிலும் வேலைக்கமரும் இளைஞரை நாம் காண்கின்றோம். நேற்று எம் வகுப்பிலிருந்த பிள்ளையை இன்று கடை வாயிலிலே காணும்போது நெஞ்சு கனக்கின்றது.

பழைய மாணவர்களே, கல்லூரிக்கு நீவிர் கட்டடம் அளிப்பது நன்று. வாரத்தில் இரண்டு மாலைகளை அவ்விளைஞர்க்கு அளிப்பின் அதனினும் நன்று. பேராசிரியராயிருந்த பெருமகனே சேரிக்கு நடந்து சென்றாரெனின், நாம் நகரத் தெருவொன்றிற்குச் செல்லத் தயங்குதல் தகுமோ?