வீராங்கனை ஜானகி ஆதி நாகப்பன்



சிங்கப்பூரில் ஜாலான் புசார் சாலை வழியாக நடந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்தால், சிறிது தொலைவில் வாட்டர்லூ வீதி வரும். இன்று அங்குள்ள கிருஷ்ணன் கோயிலை நாடிப் பக்தர்கள் திரளாக வருகின்றனர். 1943ஆம் ஆண்டின் இறுதியிலோ அவ்வீதியில் நம் குலப் பெண்கள் காக்கிச் சீருடை அணிந்து, தோளில் துப்பாக்கி ஏந்திப் போர்ப்பயிற்சி பெற்றனர். அவர்களுள் ஒருவரே ஜானகி தேவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த அம்மையாரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வோம்.

ஜானகி 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்தார். வசதி மிக்க குடும்பம். குறை ஏதும் அறியாத வாழ்வு. ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய காலத்தில் அவர் இளம்பெண். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றார். பின்னர் ஊர்தோறும் சென்று, இந்திய விடுதலைக்காக இயன்றதைத் தருமாறு மக்களை வேண்டினார். அவர் உரையைக் கேட்டுக்கொண்டிருந்த ஜானகி, தம் காதுகளில் இருந்த பொற்காதணிகளைக் கழற்றி அங்கேயே நிதிக்கு அளித்துவிட்டார்.

பொன்னைக் கொடுத்ததோடு அவர் உள்ளம் அமைதியடையவில்லை. பெண்களுக்கென அமைக்கப்பட்ட ஜான்சி இராணிப் படையில் தாமும் சேர விரும்பினார். வயதுக்கு வந்த பெண்ணை வெளியூருக்குத் தனியே அனுப்பாத காலம் அது. தந்தையார் கடுமையாக மறுத்தார். ஜானகியோ மனம் தளராமல் பன்முறை மன்றாடி அவருடைய இசைவைப் பெற்றார்.

1943 அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ வீதி முகாம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்துவந்த டாக்டர் லட்சுமி அப்படையின் தலைவியானார். மக்கள் அவரைக் கேப்டன் லட்சுமி என்றே அழைத்தனர்.

முகாம் வாழ்வு எளிதன்று. விடியுமுன் எழுதல், அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, நெடுநடை, நோயாளரைப் பேணும் பாடம், இந்துஸ்தானி மொழிப் பாடம் என நாள் முழுவதும் ஓய்விராது. போர்க்காலப் பஞ்சத்தில் உணவும் கரடுமுரடானது. பால்பழத்தோடு வளர்ந்த ஜானகி, முதல் நாள் அவ்வுணவைக் கண்டு கண்ணீர் விட்டார்.

அவரோடு தங்கியவர்களில் மிகப்பலர் யார் தெரியுமா? நம்மைப் போன்ற தோட்டத்து மக்களின் பிள்ளைகள். பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால், இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றும், பால் வாளி சுமந்து மேடுபள்ளம் ஏறியும் உழைத்த குடும்பங்களில் வளர்ந்த அவர்களுக்கு உழைப்பு புதிதன்று. லயத்துப் பெண்ணும் மாளிகைப் பெண்ணும் ஒரே உணவை உண்டனர். ஒரே கூரையின்கீழ் உறங்கினர். அங்கே குலமும் செல்வமும் பின்னுக்குச் சென்றன. உறுதியே முன்னுக்கு வந்தது. ஜானகியும் நாளடைவில் அவ்வாழ்வில் ஊறித் தேர்ந்தார், அதிகாரியாக உயர்ந்தார், படையின் இரண்டாம் நிலைத் தலைவியாகவும் ஆனார்.

1944இல் படையினர் பர்மாவுக்குச் சென்றனர். இம்பால் போரில் இந்திய தேசிய இராணுவமும் ஜப்பானியப் படையும் பின்வாங்க நேர்ந்தது. களத்திற்குச் செல்லக் காத்திருந்த பெண்கள், காயமுற்ற வீரரைப் பேணும் பணியை ஏற்றனர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது, பெண்களை முதலில் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் புறப்படுவதில்லை என்று நேதாஜி உறுதியாக இருந்தார். வானில் எதிரி விமானங்கள் வட்டமிட்டமையால் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் சென்றனர். கால்கள் கொப்புளித்தபோதும் நேதாஜி அவர்களோடு நடந்தார். ஜானகி தம் தோழியரை நடத்திச் சென்று பாங்காக்கை அடைந்தார். வேறொரு குழுவில் சென்ற பெண்களுள் இருவர் வழியில் நேர்ந்த தாக்குதலில் உயிர் நீத்தனர்.

ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. எந்த ஜப்பானியரின் துணையை இப்படை நாடியதோ, அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத்து மக்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசென்று மாளச் செய்தனர். இவ்விரண்டையும் சேர்த்தே அக்கால வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

போர் முடிந்ததும் ஜானகி துப்பாக்கியைத் துறந்தார், தொண்டைத் துறக்கவில்லை. இந்தியக் காங்கிரசின் மருத்துவக் குழுவில் சேர்ந்து, மலாயாவில் போரினால் நலிந்தோருக்கு உதவினார். 1946இல் ஜான் திவி அவர்கள் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவிக்கத் துணைநின்றார். திரு. ஆதி நாகப்பனை மணந்தார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 2014 மே 9ஆம் நாள் தம் 89ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! ஜானகி அம்மையாரின் பெயரை ஏடுகள் காத்துவருகின்றன. அவரோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பாதையில் நடந்த தோட்டத்துப் பெண்களுள் பலர், போர் முடிந்ததும் மீண்டும் லயத்திற்கே திரும்பிப் பால் மரம் சீவினர். அவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. உங்கள் இல்லத்தில் பாட்டனார், பாட்டியார் இருப்பின், இன்று மாலை அவர்கள் அருகே அமர்ந்து, தம் தாய்தந்தையரிடம் கேட்ட அக்காலக் கதைகளைச் சொல்லுமாறு கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அதுவே அவ்வீராங்கனைகளுக்கு நாம் செய்யும் கைம்மாறு.

வாழ்க அவர் புகழ்!