காமராசரின் மௌனம்

1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். அடுத்து யார் என்னும் வினா எழுந்தது. நேருவுக்குப் பின் இந்தியாவில் மக்களாட்சி நிலைக்குமா என ஐயுற்றோர் நாட்டின் உள்ளும் புறமும் இருந்தனர். மொரார்ஜி தேசாய், லால்பகதூர் சாஸ்திரி இருவருக்கும் கட்சியில் ஆதரவாளர்கள் இருந்தனர். போட்டி முற்றினால் கட்சி பிளவுபடும் என்ற அச்சம் பரவியது. உறுப்பினர்களின் ஒருமித்த கருத்தைக் கண்டறியும் பொறுப்பைக் காங்கிரசு செயற்குழு தன் தலைவரான காமராசரிடம் ஒப்படைத்தது.

1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்த காமராசர், இளமையிலேயே பள்ளியை விட்டவர். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர். ஒன்பது ஆண்டுகள் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கியவர். தில்லியில் அவர் குறைவாகப் பேசியதற்கு இந்தி அறியாமையே காரணம் என்று கருதியோர் உண்டு. தமிழகத்தார் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார்கள். கோரிக்கையோடு வந்தவர்களுக்குப் பார்க்கலாம் என்ற ஒரு சொல்லை மட்டும் விடையாகத் தரும் அவரது இயல்பை அவர்கள் நன்கறிவர்.

முதலமைச்சர்கள், செயற்குழுவினர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எனப் பலரும் காமராசரைச் சந்தித்தனர். வந்தவரின் கருத்தை அவர் கேட்டார். தம் கருத்தை வெளியிடவில்லை. தலைவரின் விருப்பம் தெரிந்துவிட்டால் அதற்கேற்பப் பேசுவோரே மிகுவர். அது தெரியாதபோது வந்தவர் தம் மனத்தில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். காமராசருக்கென்று ஒரு விருப்பம் இல்லாமலில்லை. சாஸ்திரியையே அவர் உள்ளம் நாடியது. அதனைச் சிலர் ஊகித்திருக்கலாம். ஆயினும், வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டு எவரும் பேரம் பேச இயலாதன்றோ?

சூன் 2ஆம் நாள் காங்கிரசு நாடாளுமன்றக் கட்சி கூடியது. சாஸ்திரியைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோரின் கருத்து என்பதைக் காமராசர் அறிவித்தார். யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்பதை மட்டும் அவர் வெளியிடவில்லை. அவரது மௌனத்தின் முழுப்பயன் இங்கேதான் விளங்கியது. எண்ணிக்கை வெளிப்படாமையால் மொரார்ஜி தோற்றவராக எழுந்து நிற்க நேரவில்லை. சாஸ்திரியின் பெயரை நந்தா முன்மொழிந்தார், மொரார்ஜியே வழிமொழிந்தார். சூன் 9ஆம் நாள் சாஸ்திரி பிரதமராகப் பொறுப்பேற்றார். எண்ணிக்கை காட்டாத முடிவை எவ்வாறு ஏற்பது என்று குறைகூறியோரும் இருந்தனர். அது புறந்தள்ளத்தக்க குறையன்று.

1966ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் தாசுகண்டில் சாஸ்திரி காலமானார். இம்முறை காமராசர் இந்திரா காந்தியை ஆதரித்தார். ஒருமித்த கருத்து என்ற பெயரில் விலகிக்கொள்ள மொரார்ஜி உடன்படவில்லை; வாக்கெடுப்பே வேண்டும் என்றார். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் உறுதியாக நிற்கும்போது மௌனத்திற்கு அங்கு வேலையில்லை. சனவரி 19ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. 1969ஆம் ஆண்டில் கட்சி இரண்டாகப் பிளந்தபோது காமராசரும் மொரார்ஜியும் ஒரே அணியில் இருந்தனர்; இந்திரா காந்தி எதிரணியில் இருந்தார்.