தந்தை பிறந்த மண்

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தை மலைநாட்டு மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் சௌமியமூர்த்தி தொண்டமானும் அவர் தந்தை கருப்பையாவும் என் நினைவில் எழுவர். மகனைக் கற்றோர் கூட்டத்தில் முன்னிருத்துதல் தந்தையின் கடன் என்பது வள்ளுவர் கருத்து. கடல் கடந்து வந்த ஒரு தந்தை அக்கடனை எவ்வாறு ஆற்றினார் என்பதை ஈண்டுக் கூறுவேன்.

கருப்பையா இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரினர். வறுமை துரத்த, இலங்கைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்தார், கங்காணியானார், பின்னர் இறம்பொடைப் பகுதியிலுள்ள வேவண்டன் தோட்டத்துக்கே உடையவரானார். லயத்து மக்களுள் இவ்வுயர்வு எய்தினோர் மிகச் சிலரே. கங்காணியிடம் பட்ட கடனே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்த காலம் அது. ஆதலின் அவ்வுயர்வின் மேல் ஒரு நிழலும் படிந்திருந்தது எனல் வேண்டும்.

தந்தை மலையில் உழைக்க, மகன் 1913 ஆகஸ்டு 30-இல் முனப்புதூரிற் பிறந்து அங்கேயே வளர்ந்தார். 1924-இல், ஏறக்குறைய பதினோரு வயதில், தந்தையிடம் வந்து சேர்ந்தார். தந்தை கூலியாக ஏறிய மலையில் மகன் உடையவரின் பிள்ளையாகக் கால் வைத்தார். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றார். 1927-இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தமை அவ்விளம் உள்ளத்திற் பதிந்தது.

தந்தை விட்டு மேலேறிய லயத்தை நோக்கி மகன் இறங்கி வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரசிலும் தொழிற்சங்கத்திலும் தலைமை பெற்றார். தோட்டம் உடையவரே தொழிலாளர் தலைவராவதா என்று எதிர்த்தோர் வினவினர்; அவ்வினா அவரை இறுதிவரை தொடர்ந்தது. எனினும் 1947-இல் நுவரெலியா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தந்தையின் கடன் நிறைவேறிற்று.

மறு ஆண்டே இடி விழுந்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையிற் பிறந்தவனையும் உன் தந்தை எங்கே பிறந்தார் என்று கேட்டது. தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இம்மண்ணிற் பிறந்தமையை நிறுவ இயலாதோர் பிறப்பால் வரும் உரிமையை இழந்தனர். வாழ்விக்க வந்த தந்தையின் பயணமே மகனுக்குக் குற்றமாயிற்று. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1952-இல் தொண்டமான் சத்தியாக்கிரகம் நடத்தினார். 1964-இல் இரு அரசுகளும் அம்மக்களைக் கேளாமலே பங்கிட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்தன.

1978-இல் அவர் அமைச்சரானார். உள்ளிருந்தே வாதாடினார், 1988-இல் சட்டம் பெரிதும் தளர்ந்தது. 1999 அக்டோபர் 30-இல் அவர் மறைந்தார். எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003-இல் வந்தது. அதைக் காண அவர் இல்லை.

கருப்பையா தம் மகனுக்கு ஒரு தோட்டத்தை ஈட்டித் தந்தார். அம்மகனோ பிறர் மக்களுக்கு ஒரு நாட்டை ஈட்டித்தரப் போராடினார். இன்று என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தம் பாட்டனின் ஊர்ப்பெயரை அச்சமின்றிச் சொல்கின்றனர். அதைக் கேட்குந்தோறும் என் நெஞ்சம் நிறைகின்றது.