நினைவுகூரத் தடைசெய்யப்பட்ட பிரபு

இங்கிலாந்தின் ஈவ்ஷாம் நகருக்கு அருகே 1265 ஓகஸ்ட் 4 ஆம் திகதி நடந்த போரில் லெஸ்டர் பிரபு சைமன் டி மொன்ட்போர்ட் கொல்லப்பட்டார். மூத்த மகன் ஹென்றியும் அதே களத்தில் வீழ்ந்தார். வென்றவர்கள் சைமனின் தலையையும் கைகால்களையும் வெட்டினர். எஞ்சிய உடலை ஈவ்ஷாம் மடத்துத் துறவிகள் அடக்கம் செய்தனர்.

பிரான்சில் பிறந்த சைமன், 1238 இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினோரை மணந்தவர். மன்னரின் ஆட்சிமுறையால் பிரபுக்களிடையே அதிருப்தி வளர்ந்தது. 15 பேர் கொண்ட சபையின் ஆலோசனைப்படி ஆள்வதாக 1258 இல் இணங்கிய மன்னர், பின்னர் அந்த உடன்பாட்டை முறித்தார். அதனால் மூண்ட போரில், 1264 மே 14 ஆம் திகதி லூயிஸ் என்ற இடத்தில் சைமன் வென்றார். மன்னரும் பட்டத்து இளவரசர் எட்வர்டும் அவரது பிடியில் வந்தனர். 1265 ஜனவரியில் அவர் கூட்டிய பாராளுமன்றத்திற்குப் பிரபுக்களோடு நகரங்களின் பிரதிநிதிகளும் அழைக்கப்பட்டனர்.

அவருக்கு இருண்ட பக்கமும் உண்டு. லெஸ்டரிலிருந்து யூதர்களை வெளியேற்றியவர் அவரே. 1264 இல் அவரது ஆதரவாளர்கள் லண்டனில் யூதர்களைப் படுகொலை செய்தனர்.

காவலிலிருந்து தப்பிய எட்வர்ட் படை திரட்டி வந்ததே ஈவ்ஷாமில் சைமனின் முடிவுக்குக் காரணமானது. கணவனையும் மகனையும் இழந்த எலினோர் டோவர் கோட்டையைச் சில வாரங்கள் காத்து நின்றார். பின்னர் அதை ஒப்படைத்துவிட்டுப் பிரான்சுக்குச் சென்று, 1275 இல் அங்கேயே இறந்தார். மகன்கள் சைமனும் கையும் 1271 இல் இத்தாலியின் விட்டெர்போ தேவாலயத்திற்குள் தம் ஒன்றுவிட்ட சகோதரனைக் கொன்று பழிதீர்த்தனர். அந்தச் சகோதரன் ஈவ்ஷாம் போரில் பங்கேற்றவர் அல்லர்.

தாயின் பெயரையே கொண்ட மகள், வேல்ஸ் இளவரசர் லூவெலினை மணக்கக் கடல்வழியே சென்றபோது சிறைபிடிக்கப்பட்டார். 1278 இல்தான் அவர்களது திருமணம் நடந்தது. 1282 இல் பிரசவத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டில் லூவெலினும் கொல்லப்பட்டார். அவர்களின் பச்சிளம் குழந்தை குவென்லியனை எட்வர்ட் கன்னியர் மடமொன்றில் அடைத்தார். எந்தப் போரையும் அறியாத அவர், 1337 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இதற்கிடையே சாதாரண மக்கள் சைமனின் கல்லறையைத் தேடி வந்து வழிபட்டனர். அவரைப் புனிதர் என்று அழைப்பதற்கு 1266 இல் அரசு தடை விதித்தது. ஆயினும் யாத்திரை நிற்கவில்லை. அங்கு நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களைத் துறவிகள் எழுதிவைத்தனர்.

மன்னரான எட்வர்ட், 1295 இல் தாம் கூட்டிய பாராளுமன்றத்திற்கு நகரப் பிரதிநிதிகளையும் அழைத்தார். தான் கொன்றவரின் வழியை அவரே பின்பற்ற நேர்ந்தது. மடம் இருந்த இடத்தில், சைமன் இறந்து 700 ஆண்டுகளின் பின் 1965 இல் ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது.