எளியோரின் தோழர் ஆண்ட்ரூஸ்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் லயத்து வீடுகளை நன்கறிவர். அத்தகைய லயங்கள் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் இருந்தன. தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளர் பலர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாக அல்லலுற்றனர். அவர்களின் விடிவுக்காக உழைத்தவர் சார்ல்ஸ் பிரியர் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார்.

1871ஆம் ஆண்டு பிறந்த ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் நகரின் பெம்புரோக் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அந்நகரின் கல்லூரிகள் சில, ஆங்கிலிக்கன் திருச்சபையின் துணையோடு லண்டனின் ஏழைப் பகுதிகளில் தொண்டு நிலையங்களை நடத்தின. பெம்புரோக் கல்லூரியின் நிலையம் வால்வர்த்தில் இருந்தது. படிப்பில் சிறந்து விளங்கிய ஆண்ட்ரூஸ், வசதியான வாழ்வை நாடாமல் அங்கே சென்று ஏழைகளிடையே குடியிருந்தார். எளியோரின் துயரை அறிய, அவர்கள் வாழும் இடத்திற்கே செல்ல வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1904ஆம் ஆண்டு டில்லிக்கு வந்து கல்லூரி ஆசிரியரானார். 1915ஆம் ஆண்டு பிஜிக்குப் பயணமானார். லயங்களுக்கே சென்று தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டார். ஐந்தாண்டு ஒப்பந்தம் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. வேலைக்கு வர மறுத்தால் தண்டனை கிடைத்தது. பெண்களின் நிலையோ இன்னும் கொடியது. இக்கொடுமைகள் நிகழ்ந்தது தம் நாட்டவரின் ஆட்சியில் என்றாலும் அவர் தயங்கவில்லை. கண்டவற்றை அறிக்கையாக வெளியிட்டார். இந்தியாவில் எதிர்ப்பு வலுத்தது. 1920 ஜனவரி முதல் நாள், பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் இரத்து செய்யப்பட்டன.

மக்கள் அவரைத் தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என அழைத்தனர். 1940ஆம் ஆண்டு கல்கத்தாவில் மறைந்த அவர், பிறந்த இனத்தைவிட நியாயத்தையே பெரிதாகப் போற்றியவர்.